நீதிமன்றத்தில் சொன்ன வருமானம்

“பிரதிவாதி தம் பெயரிலுள்ள கடையின் உரிமையாளர். மனுதாரி மாதம் நூறு ரூபாய் உழைப்பவர். இரண்டையும் கருத்தில் கொண்டு பிள்ளையின் தாபரிப்புக்கு மாதம் பதினைந்து ரூபாய் விதிக்கப்படுகிறது.”

இது 1956 நவம்பரில் எழுதப்பட்ட நீதிமன்றக் கட்டளையின் ஒரு பகுதி. மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழ் என்னுடையது. ஆசிரியப் பயிற்சிக்குப் போவதற்குச் சற்று முன், 1963இல், முத்திரைக் காசு கட்டி இந்தப் பிரதியை எடுத்தேன். நாள் குறித்த இடத்தில் ரப்பர் முத்திரை விழுந்து எண் மறைந்து போயிருக்கிறது. பிரதிவாதி என் அப்பா. மனுதாரி என் அம்மா. பிள்ளை நான். அப்போது எனக்குப் பத்து வயது.

இருவரும் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேசினார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தாளில் இருக்கும் இரண்டு வருமானமும் அவர்களுடையது அல்ல. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. விளங்கிய பிறகு பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

அப்பா கினிகத்தேனை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தின் இளைய மகன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அணைக்கட்டு வேலை நடந்த வருடங்களில், அங்கே கூலிக்கு வந்தவர்களை நம்பி அவர்கள் ஒரு கிளைக் கடை போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அப்பாவை அனுப்பினார்கள். அம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் இருவரும் குடும்பம் நடத்தினார்கள். நான் 1946இல் பிறந்தேன். கல்யாணப் பதிவு இல்லை. அணை வேலை முடிந்தது, கிளைக் கடையையும் மூடினார்கள். அப்பாவைக் கினிகத்தேனைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய், அவர்களுக்குள்ளேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அது 1951. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினார். அங்கே அவருடைய தம்பி, என் மாமா, மனைவியோடு இருந்தார். காம்பரா என்ற அந்த ஒற்றை அறையில் ஐந்தாவது ஆளாக அவர்களுடைய குழந்தையும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தது.

அந்த ஐந்து வருடமும் அம்மா வழக்குப் போடவில்லை. தேவைப்படவில்லை என்றுதான் சொல்வார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காசு வேண்டாம். தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் விடுதியில்தான் தங்க வேண்டும். விடுதிக்கு மாதம் இருபத்திரண்டு ரூபாய். இல்லாவிட்டால் வீட்டில் இருந்து மாமா மகளைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து, பாதிக் கூலியான அரைப்பேருக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான். எங்கள் லயத்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். அம்மா அதை வேண்டாம் என்று நினைத்தார். ஏன் என்று அவர் ஒருநாளும் விளக்கியதில்லை. நானும் கேட்டதில்லை.

விசாரணையன்று அம்மா என்னையும் கூட்டிப்போனார். பிள்ளையை நீதிபதி பார்த்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருந்தார். நீதிபதி என்னைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, கையில் குடை. பிள்ளை உன்னுடையதா என்று கேட்டதற்கு உடனே ஆமாம் என்றார். அம்மாவின் வக்கீல் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் அதற்கென்று சாட்சிகளைத் தயார் செய்து வைத்திருந்தார்.

“உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?”

“சம்பளம் இல்லைங்க.”

“கடையில் நிற்கிறீர்களே?”

“நிக்கிறேங்க. சாப்பாடு கடையில. துணிமணி தீவாளிக்கு எடுத்துக் குடுப்பாங்க. வீட்டுச் செலவு அண்ணி பாத்துக்குவாங்க.”

“கடை யார் பெயரில் இருக்கிறது?”

அப்பா கொஞ்சம் தயங்கினார். “என் பேர்லதாங்க.”

“அப்படியென்றால் நீங்கள் முதலாளி.”

“பேருதாங்க என்னுது. பெட்டிச் சாவி அண்ணன்கிட்ட.”

நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளரும் ஒரு நொடி நிறுத்தி, இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

அப்பா சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. பஜாரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தக் கடைக்காரர்கள் வழக்கப்படி கூடப்பிறந்தவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. மூத்தவர் காசுப் பெட்டியில் உட்காருவார், மற்றவர்கள் உழைப்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ அது வரும், அல்லது வராது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கான 1949ஆம் ஆண்டின் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அண்ணன் தம்பி இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். பெரியப்பா இடையில் சில வருடம் இந்தியாவில், மனைவியின் ஊரில் இருந்தவர். அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். நாட்டை விட்டே போகாத அப்பாவுக்குக் கிடைத்தது. கடை ஒரு பிரஜையின் பெயரில் இருப்பதுதான் பத்திரம் என்று பெரியப்பா முடிவு செய்து, 1955இல் எல்லாவற்றையும் தம்பி பெயருக்கு மாற்றினார். பலகையில் பெயர் மாறியது. பெட்டியில் உட்கார்ந்த ஆள் மாறவில்லை. அதே நாற்காலி, அதே மெத்தை.

நீதிபதி பலகையில் இருந்த பெயரையே எடுத்துக்கொண்டார். வேறு எதை எடுப்பார்? அதுவரை அம்மாவின் பக்கம்தான் காற்று அடித்தது. முப்பது ரூபாய்க்குக் குறையாது என்று வக்கீல் அம்மாவின் காதில் சொன்னார்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். தாயின் வருமானத்தையும் பார்க்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். அம்மா நிமிர்ந்து நின்று, “நூறு ரூபா வருமுங்க. மழை மாசத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்” என்றார்.

வக்கீல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காலத்தில் நூறு ரூபாய் வராது. ஆனால் அவர் தோட்டச் சம்பளம் தெரிந்தவர் அல்ல. அவர் எழுந்து ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் காம்பராவில் மூன்று பேர் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருந்தது: அம்மா, மாமா, அத்தை. தாத்தா இறந்த பிறகு சம்பளத்தன்று மூன்று பேருடையதையும் அம்மாதான் வாங்குவார். அரிசிக்குப் பிடித்தது, முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சத்தைக் கிளாக்கர் ஒரே கையில் கொடுப்பார். மாமாவுக்குத் தன் சம்பளம் தனியாக எவ்வளவு என்று தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. அது வீட்டுச் சம்பளம். ஒரே உலை, ஒரே சம்பளம். அதைத்தான் அம்மா சொன்னார். சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மழை மாதத்தையும் சேர்த்துச் சொன்னார்.

முப்பது என்று நினைத்தது பதினைந்தாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கேட்டுக்கொண்டே வந்தார். அவர் அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாமல் எங்களுக்குத் துணையாக வந்திருந்தார்.

“அக்கா, நூறுன்னு சொன்னியே, அதுல நானும் இருக்கேனா?”

“இருக்க.”

“அவளும் இருக்காளா?”

“அவ இல்லாம எப்புடிடா நூறு வரும்?”

“அப்ப நானும் என் பொண்டாட்டியும் சேந்து உன் புருஷனுக்குப் பதினஞ்சு ரூபா மிச்சம் புடிச்சுக் குடுத்திருக்கோம்.”

அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். மாமா விடவில்லை. “தீவாளிக்கு எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கச் சொல்லு அந்தாள.”

அடுத்த வாரம் வக்கீலிடம் போய்ச் சொல்லலாம் என்று மாமா சொன்னார். தோட்டத்து ஆபீசிலிருந்து அம்மாவின் சம்பளம் மட்டும் இவ்வளவு என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் மாற்றலாம் என்று லயத்தில் சிலரும் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செய்து சொன்னதை, ஒரு வாரம் கழித்துப் போய் அது இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். சத்தியம் மீறியதற்கு ஜெயிலில் போடுவார்கள் என்ற பயமும் இருந்தது. எது பெரிது என்று எனக்குத் தெரியாது. 1957 ஜனவரியில் பதினைந்து ரூபாயை நம்பி என்னை விடுதியில் சேர்த்தார். மிச்சத்தை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்தப் பதினைந்து ரூபாயை வாங்குவது ஒரு தனி வேலை. அப்பா அதை ஹட்டனில் நீதிமன்ற அலுவலகத்தில் கட்ட வேண்டும். அம்மா அங்கே போய் வாங்க வேண்டும். வெளியில் வைத்துக் கை மாறினால் கணக்கில் வராது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, விட்டுவிட்டு, தோட்டத்திலிருந்து நடந்து பஸ் ஏறி, கினிகத்தேனையில் இறங்கி ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்பார். பஸ் நிற்கிற இடம் கடைக்கு நேர் எதிரே. அப்பாவும் அதே நாளில்தான் கட்டப் போவார். ஆகவே பல மாதங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அப்பா முன்னால், அம்மா பின்னால். அங்கே போய் அவர் ஒரு ஜன்னலில் கட்டுவார். அது பதிவாகி அடுத்த ஜன்னலுக்கு வரும்வரை அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிறகு அதே பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அதே கடையைத் தாண்டித் திரும்பி வருவார்.

விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்பிய ஒருநாள் அம்மாவோடு அந்தப் பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் இருவரையும் அறிந்தவர். டிக்கட் கிழித்துக்கொண்டே அப்பாவிடம், “ஐயா, இங்கனேயே குடுத்துட்டா ரெண்டு டிக்கட் காசு மிச்சமாகுமே” என்றார்.

“கோட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கப்பா” என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே சீட்லயாவது உக்காருங்க. நிக்கிறவங்களுக்கு இடம் கிடைக்கும்.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்பாவின் கையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். பேரீச்சம்பழம், சீனி, ஒரு முறை இரண்டு மீன் டின். ஹட்டனில் இறங்கியதும் அம்மாவிடம் நீட்டுவார். அம்மா வாங்க மாட்டார். எனக்கு எழுதக் கொப்பி இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வார். அப்பாவைப் பற்றி எனக்கு மெல்லமெல்லத் தெரியவந்த விஷயம் இதுதான்: கடையிலிருந்து எந்தச் சாமானையும் அவர் எடுக்கலாம். கேட்பார் இல்லை. காசு மட்டும் எடுக்க முடியாது. மாதாமாதம் அந்தப் பதினைந்து ரூபாயை அவர் அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார், என்ன கேட்டுக்கொண்டு வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது. சில மாதம் பிந்தியது. மூன்று மாதம் வரவே இல்லை. அவரைக் கைது செய்யப் பிடியாணைக்கு எழுதிக்கொடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். “அவர உள்ள வெச்சா அரிசி மூட்ட யாரு தூக்குவா? அப்புறம் அந்தப் பதினஞ்சும் வராது” என்று அம்மா திரும்பி வந்துவிட்டார்.

பதினைந்திலிருந்து இருபத்திரண்டுக்கு எட்டவில்லை. 1957 ஆகஸ்டில் விடுதிப் பொறுப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் யாழ்ப்பாணத்து ஆசிரியை. கடுமையான கடிதம் இல்லை. பாக்கி சேர்ந்துவிட்டது, பள்ளித் தவணை முடிவுக்குள் கட்ட முடியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிப்போவது நல்லது என்று எழுதியிருந்தார். அந்த மாதம் அம்மா பஸ்ஸில் முதல் முறையாக அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இதை அம்மாதான் எனக்குச் சொன்னார்.

“புள்ளைய நிப்பாட்டப் போறேன். ஒங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்.”

“ஏன்?”

“ஏன்னா கேக்குறீங்க? காசு பத்தல.”

அப்பா, “காசு என்கிட்ட இல்ல புள்ள. பருப்பு வேணும்னா தரலாம்” என்றாராம்.

“பள்ளிக்கூடத்துல பருப்ப வாங்கிக்கிட்டா பாடம் சொல்லிக் குடுக்குறாங்க?”

அம்மா அதைக் கோபத்தில்தான் சொன்னார். அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே, பணம் கட்டிய பிறகு, குடையோடு விடுதிக்கு வந்தார். டீச்சரிடம், விடுதிச் சமையலுக்குப் பருப்பும் சீனியும் மிளகாயும் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். ஹட்டன் பஜாரில் என்றார் டீச்சர். எங்கள் கடை லொறி வாரம் ஒரு தடவை இந்தப் பக்கம் வருகிறது, இந்தப் பிள்ளையின் குறைக் காசுக்குச் சாமானாக இறக்கினால் ஏற்பீர்களா என்று கேட்டார். டீச்சர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அப்படியாக நான் நின்றுபோகவில்லை. அப்பாவின் பருப்பை மற்றப் பிள்ளைகளோடு நானும் சாப்பிட்டேன். சில மாதம் அதில் கல் அதிகம் இருக்கும். அப்போது நான் வாய் திறக்க மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கையில் எடுத்துப் போகும் பொட்டலத்தைக் கடையில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் லொறியில் ஏறும் சாமான் எதுவானாலும் யாராவது ஒருவர் பேரில் எழுதியாக வேண்டும். என் பேரில் எழுத அப்பாவால் முடியாது. விடுதியின் பேரில் கடனாக எழுதினார். பள்ளிக்கூடக் கடன் எங்கே போய்விடும் என்று ஒவ்வொரு சித்திரையிலும் கணக்கு முடிக்கும்போது அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்கள். 1958இல் பஸ்கள் அரசாங்கத்துக்குப் போயின. பழைய கண்டக்டரும் போனார். அந்த வருட நடுவில் சில வாரங்கள் இனக் கலவரத்தின் பயத்தில் யாரும் எங்கும் போகவில்லை. லொறி ஓடத் தொடங்கியதும் பருப்பு வந்தது. வருடங்கள் அப்படியே போயின.

1961 மார்ச் மாதம். சித்திரைக்கு முன். நான் பத்தாம் வகுப்பு, டிசம்பரில் எஸ்.எஸ்.சி. பரீட்சை. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. விடுதி விறாந்தையில் தடித்த ஒருவர் கோட்டை உதறிக்கொண்டு நின்றார். நான் அவரை அதற்கு முன் பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பெட்டிக்குப் பின்னால். பெரியப்பா. அவர் என்னைப் பார்த்ததில்லை. நான் கதவுக்கு உள்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்ததால் பேச்சு முழுவதும் கேட்டது.

“நாலு வருஷத்துப் பாக்கிங்க” என்று அவர் ஒரு பில்லை நீட்டினார். “கேக்க வேணாம்னுதான் இருந்தேன். கணக்கு முடிக்கணும்.”

டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். “இது கடன் இல்லையே. இது பிள்ளையின்ர விடுதிக் காசு. தகப்பன் சாமானாத் தாறார்.”

“எந்தப் புள்ள?”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் அவருக்கு ஆர்?”

“அண்ணன்.”

டீச்சர் மேலே கேட்கவில்லை. “பிள்ளை, இஞ்ச வா” என்று கூப்பிட்டார். நான் போய் நின்றேன். பெரியப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தனாங் கிளாசு?”

“பத்து.”

“எப்ப முடியும்?”

“டிசம்பர்ல பரீட்ச.”

“பாஸ் பண்ணிருவியா?”

தெரியாது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பில்லை மேசையில் விரித்து, அடியில் ஒரு விரலை வைத்தார். “இதுல இருக்கற சாமான் எல்லாம் எனக்காக வந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

டீச்சர், “அவள் சின்னப் பிள்ளை” என்றார்.

“சின்னப் புள்ளதாங்க. நாலு வருஷம் சாப்பிட்டிருக்கு.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மை காயும்வரை ஊதினார். பிறகு எழுந்து நின்று எனக்குச் சொல்வதுபோல் டீச்சரிடம் சொன்னார்: “டிசம்பர் வரைக்கும் முழுக் காசுக்கும் சாமான் வரும். குறைக்கு மட்டும் இல்ல, முழுசுக்கும். அதுக்கப்புறம் வராது. இவ அம்மாவ அந்தக் கேச வாபஸ் வாங்கச் சொல்லுங்க. கோட்டுல ஒரு கையி, கடையில ஒரு கையின்னு நீட்டறது எனக்குச் சரிப்படாது.”

சித்திரை விடுமுறைக்குப் போய் இதை அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் மாமாதான் பேச்சைத் தொடங்கினார்.

“அந்தாளு சொன்னா செய்வாரு அக்கா. வியாபாரி.”

“கோட்டுல எழுதி இருக்கு. இவரு எழுதிக் குடுத்தாரா?”

“அவரு எங்க குடுத்தாரு? உன் மகதான் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா.”

அத்தை அடுப்படியில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பதினைந்து ரூபாய்க்கு ஒரு நாள் பேரும் பஸ் காசும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது நீதிமன்றக் காசு. ஒருவர் மனம் மாறியதால் நின்றுவிடாது. அதை விட்டுக்கொடுத்த பிறகு லொறி வராவிட்டால் டிசம்பருக்கு முன்பே நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அரைப்பேர் வயதும் தாண்டியாயிற்று, நேராக முழுப்பேர்தான். “போய்ப் போய் வந்து எனக்குச் சலிச்சுப் போச்சு” என்று கடைசியில் சொன்னார். அதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை.

மே மாதம் அம்மா வழக்கை வாபஸ் வாங்கினார். நான் கூடப் போகவில்லை, மாமா போனார். வேறு நீதிபதி. மறுபடி சத்தியம் செய்யச் சொல்லி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருமானம் இருக்கிறதா, எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். அம்மா இந்த முறை தன் பேருக்கு மட்டும் எவ்வளவு என்று கிளாக்கரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார், அதைச் சொன்னார். பழைய தாளில் நூறு என்று இருக்கிறதே என்று கேட்டார்கள். “அது மூணு பேருதுங்க. அன்னைக்கு வீட்டுச் சம்பளத்தக் கேக்குறாங்கன்னு நினைச்சேன்” என்றாராம். யாரும் ஜெயிலில் போடவில்லை. சரி என்று எழுதிக்கொண்டார்கள். அம்மாவின் சரியான வருமானம் நீதிமன்றத்தில் பதிவானது, வழக்கு மூடப்பட்ட அந்த நாளில்தான். நான் எடுத்த பிரதியில் அதற்குக் கீழே உடனே கோடு போட்டிருக்கிறது.

லொறி டிசம்பர் வரை வந்தது. ஜூலையில் ஒரு தடவை பிந்தியபோது அம்மாவுக்குத் தூக்கம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். நான் பரீட்சை எழுதினேன், அடுத்த வருடம் முடிவு வந்தது, பாஸ். ஜனவரியிலிருந்து சாமான் வரவில்லை, சொன்னபடியே. அம்மாவும் அப்பாவும் அதன் பிறகு ஒரே பஸ்ஸில் போகக் காரணம் இல்லாமல் போயிற்று.

பெரியப்பா 1965இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் அப்பாவைக் கடையில் போய்ப் பார்த்தேன். அப்போது அவர் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். பழக்கம் இல்லாதவர்போல் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு விடுதிக்கு அண்ணன் வந்தது பற்றிக் கேட்டேன். “தெரிஞ்சுதான் வந்தாரு. காலையில கெளம்பும்போது, உன் மகளைப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு” என்றார். அப்படியானால் பில் எதற்கு என்று கேட்டேன். சும்மா போவாரா என்றார்.

பெரியப்பாவின் மகனுக்கு இதைக் கேட்டு எழுதினேன். அவருடைய பதில் இருக்கிறது. தன் அப்பா பாக்கி வாங்கத்தான் போனார், சாமான் பிள்ளைக்குப் போன விஷயம் அங்கே போய்த்தான் தெரிந்தது, வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் கோபமாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறார். அப்போது அந்த மகன் ஒன்பது வயதுப் பையன். என் அப்பாவோ அண்ணனைப் பற்றி எவரிடமும் குறைவாகப் பேசாதவர். இருவரில் யார் சொல்வது சரி என்று என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. கேட்பதற்கு இருந்த டீச்சரும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.